லேக் ஃபோர்க் பெரிய பாஸ்: கடித்த பிறகுதான் வேலையே

அமெரிக்காவின் டெக்சாஸில் உள்ள லேக் ஃபோர்க் ஏரியில் 8 பவுண்டுக்கு மேற்பட்ட பாஸ் மீன் தூண்டிலைக் கடிப்பது நடக்கிற காரியம்தான். படகுக்குள் கொண்டுவருவதுதான் பெரும்பாடு. 1980-ல் தண்ணீர் தேக்கியபோது மரங்களை ஏராளமாக அப்படியே விட்டுவிட்டார்கள். ஏறக்குறைய 27,000 ஏக்கர் ஏரியில் ஓடைக்கு ஓடை பட்டமரம்.

குளிர்கால முடிவில் தண்ணீர் 55 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டியதும், சினைப்பட்ட பெண்மீன்கள் பழைய ஓடைத் தடத்தைப் பிடித்தே மேடேறும். தடம் வளைந்து கரைமூக்கை (ஏரிக்குள் நீண்டிருக்கும் கரை) ஒட்டுகிற இடம் பாருங்கள். தூண்டில் நரம்பில் வரிசையாக முக்கால் அவுன்ஸ் குண்டு, மணி, சுழலி, அதற்குக் கீழே 3 அடி நரம்பு, 4/0 அளவு முள், இரையாக ரப்பர் பல்லி. ராடைப் பக்கவாட்டில் மெதுவாக இழுங்கள். பெரிய மீன் பல நேரம் வெடுக்கென்று இழுக்காது. ஈரச்சாக்கை இழுப்பதுபோல் கனக்கும், அவ்வளவுதான். அந்தக் கனம் தெரிந்ததும் பக்கவாட்டிலேயே வீசி முள்ளை ஏற்றுங்கள்.

நரம்பு 20 பவுண்டு ஃபுளூரோகார்பன். கடைசி 3 அடியை அடிக்கடி உதட்டில் வைத்து உருவிப் பாருங்கள். சொரசொரப்பு தட்டினால் அந்தத் துண்டை அறுத்துவிட்டுப் புது முடிச்சு. முடிச்சை எச்சில் தொட்டுத்தான் இறுக்க வேண்டும். காய்ந்த நரம்பு உரசிச் சூடாகி அங்கேயே வலுவிழக்கும்.

---

மேலே எழுதிய அண்ணா சொன்னதோடு ஒன்று. மூழ்கிய மரங்களுக்கு நடுவே பிரெய்டு (பின்னல் நரம்பு) வேண்டாம். மரத்துக்குள் அறுத்து இறங்கி இறுகிக்கொள்ளும். அது ஹைட்ரில்லா பாசிக்குத்தான் சரி. பாசிக்கு மேல் அரை அவுன்ஸ் சிவப்பு லிப்லெஸ் கிராங்க் (முன்தகடு இல்லாத பொய்மீன் தூண்டில்) ஓட்டுங்கள். பாசியில் மாட்டினால் வெடுக்கென்று உதறுங்கள். விடுபடுகிற அந்த நொடியில்தான் அடிக்கும். மீன் துள்ளித் தலையை உதறினால் தூண்டிலின் எடையே அதிலுள்ள மூமுள்ளை (மூன்று கொக்கி முள்) வாயிலிருந்து பிடுங்கிவிடும். அதனால் ராடு நுனியைத் தண்ணீரை ஒட்டித் தாழ்த்தியே வையுங்கள்.

---

பிடித்த பிறகு நடப்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வாயை மூடி, வாலைக் குவித்து அளக்க வேண்டும். 16 அங்குலத்துக்கு மேல், 24-க்குக் கீழே இருந்தால் விட்டே ஆக வேண்டும். 24-உம் அதற்கு மேலும் என்றால் நாளைக்கு ஒன்றுதான். கீழ்த்தாடையை மட்டும் பிடித்துத் தொங்கவிடாதீர்கள். 10 பவுண்டு கனத்தில் தாடை மூட்டு நைந்துபோனால், நீந்திப்போன மீனுக்கு இரை பிடிக்க முடியாது. கையை நனைத்து வயிற்றுக்கு அடியில் தாங்குங்கள்.

மாநில ஆவணத்தில் உள்ள 18.18 பவுண்டு சாதனை மீனும் இந்த ஏரிதான், 1992 ஜனவரி. அது கிராப்பி என்ற வேறு மீனுக்கு இரையாகப் போட்ட சின்ன மீனைக் கடித்தது. ஜனவரி முதல் மார்ச் வரை 13 பவுண்டோ அதற்கு மேலோ கிடைத்தால், மாநிலத்தின் பாஸ் இனப்பெருக்கத் திட்டமான ஷேர்லங்கருக்கு உடனே போன் செய்யுங்கள். முட்டைக்காக உயிரோடு எடுத்துப் போவார்கள். அவர்கள் வரும்வரை படகின் மீன்தொட்டியில் காற்றூட்டும் மோட்டார் நிற்கவே கூடாது.