அருவுருவப் புடைப்பு: ஒரு முன்மொழிவு

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

ஆளோ விலங்கோ இல்லாமல் வட்டமும் சதுரமும் கோடுமே பலகையிலோ தகட்டிலோ மேடு பள்ளமாக நிற்கும் நவீனப் படைப்புகளை அருங்காட்சியக விளக்க அட்டையில் எப்படிக் குறிப்பது என்ற கேள்விக்கு நம் கலைச்சொல் பட்டியலுக்கு இதுவரை மூன்று சொற்கள் வந்திருக்கின்றன: முப்பரிமாண ஓவியம், புடைப்போவியம், அரூபப் புடைப்புச் சிற்பம். முதலாவதை விட்டுவிடலாம். தரையில் பள்ளம் இருப்பதுபோல் வரைந்து கண்ணை ஏமாற்றும் ஓவியத்துக்கு அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

‘புடைப்பு’ என்பதே பொருந்தாது, ஆங்கிலேய ஓவியர் பென் நிக்கல்சன் பலகையைக் குடைந்துதானே செய்தார் என்று ஐயா ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. லண்டன் டேட் அருங்காட்சியகத்தில் உள்ள அவருடைய 1935ஆம் ஆண்டு வெள்ளைப் படைப்பும் குடைந்து செய்ததே. மரத்தில் வட்டங்களையும் செவ்வகங்களையும் வெவ்வேறு ஆழத்தில் வெட்டி இறக்கி, முழுவதும் வெள்ளை பூசியிருக்கிறார். நிறத்தில் வேறுபாடே இல்லை. விளிம்பில் விழும் மெல்லிய நிழல்தான் அங்கே கோடாக நிற்கிறது. ஆனால் மாமல்லபுரத்து அர்ச்சுனன் தபசும் அப்படித்தானே? பாறையில் யாரும் எதையும் ஒட்டவில்லை. சுற்றியுள்ள கல்லை எடுத்தார்கள். எடுக்காமல் விட்டது புடைத்து நிற்கிறது. அதைப் புடைப்பு என்று சொல்ல நமக்குத் தயக்கம் இல்லாதபோது இதற்கும் வேண்டாம். எழும்பூர் அருங்காட்சியகத்தில் அமராவதிச் சுண்ணாம்புக்கல் பலகைகளைப் பார்க்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் பாடநூல் வழியாகத் தெரிந்த சொல் இது. கைவிடக் கூடாது.

அடுத்து, அது ஓவியமா, சிற்பமா என்ற சண்டை. நம் சிற்ப நூல்கள் இதற்கு எப்போதோ விடை சொல்லிவிட்டன. எல்லாப் பக்கமும் தெரியும் முழு உருவம் சித்திரம். பாதி தெரிவது அர்த்தசித்திரம். சுவரில் வரைவது சித்திராபாசம். நடுவில் உள்ளதைத் தனி வகையாகவே வைத்தார்கள், இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ தள்ளவில்லை. டச்சுக் கலைஞர் யான் ஸ்கோன்ஹோவன் அட்டையிலும் காகிதக் கூழிலும் கட்டம் கட்டமாகச் செய்து வெள்ளையடித்த படைப்புகளையோ, ரஷ்யக் கலைஞர் தாத்லின் 1914–15இல் உலோகத்தையும் கம்பியையும் கொண்டு சுவர் மூலையில் பொருத்தியவற்றையோ ஓவியம் என்றாலும் இடிக்கும், சிற்பம் என்றாலும் இடிக்கும். ஆகவே வால் எதுவும் இல்லாமல் ‘புடைப்பு’ என்றே நிறுத்தலாம் என்பது என் கருத்து.

எனக்கு உண்மையான மனத்தாங்கல் ‘அரூபம்’ என்பதில்தான். அரூபம், அருவம் என்றால் வடிவமே இல்லாதது. காற்றை அருவம் எனலாம். காம்பஸ் வைத்து வெட்டியதுபோல் துல்லியமான வட்டத்தை எப்படி அருவம் என்பது? பார்வையாளர் அட்டையைப் படித்துவிட்டு நிமிர்ந்தால், இல்லை என்று சொன்ன வடிவம்தான் முதலில் கண்ணில் படும். அந்தப் படைப்பில் இல்லாதது வடிவம் அல்ல, முகமும் கைகாலும்தான். இந்த நிலைக்குச் சைவம் தந்த சொல் ஒன்று இருக்கிறது: அருவுருவம். அருவம், உருவம், அருவுருவம் என்ற மூன்றில் இலிங்கத் திருமேனி மூன்றாவது. வடிவம் உண்டு, அவயவம் இல்லை. இதைவிடப் பொருத்தமான சொல்லை என்னால் யோசிக்க முடியவில்லை.

சமயச் சொல்லைக் கலைக்கு இழுக்கலாமா என்று அம்மா ஒருவர் தனி மடலில் கேட்டார். ‘அணு’ தத்துவ நூல்களிலிருந்து இயற்பியலுக்கு வந்து இன்று யாருக்கும் உறுத்தாமல் நிற்கிறது. அருவமும் உருவமும் சேர்ந்த சொல் என்பது சமய நூல் படிக்காதவருக்கும் பார்த்தவுடன் விளங்கும்.

ஒரு எல்லையையும் சொல்லிவிட வேண்டும். 1966இல் தொடங்கிய சோழமண்டல ஓவியர் கிராமத்தைச் சேர்ந்த சிற்பி பி.வி.ஜானகிராமின் தகட்டு வேலைகளை இதில் சேர்க்கக் கூடாது. முன்பக்கம் மட்டுமே பார்ப்பதற்கென்று செய்தவை என்பதால் சேர்க்கத் தோன்றும். ஆனால் அவற்றில் முகம் இருக்கிறது, தெய்வம் இருக்கிறது. அவை உருவப் படைப்புகள்.

‘வடிவியல்’ என்ற அடை எல்லா இடத்திலும் வேண்டாம். வளைந்து நெளியும் வடிவங்களிலிருந்து பிரித்துக் காட்ட வேண்டிய இடத்தில் மட்டும் ‘வடிவியல் அருவுருவப் புடைப்பு’ என எழுதலாம். மற்றபடி அட்டையில் இவ்வளவு போதும்: “அருவுருவப் புடைப்பு. மரம், வெள்ளை வண்ணப் பூச்சு. 1935.”

மேடு குறைந்தவற்றுக்குத் தாழ்புடைப்பு, மிகுந்தவற்றுக்கு உயர்புடைப்பு என்று வைத்திருக்கிறேன். மாற்றுச் சொல் இருந்தால் எழுதுங்கள்; பட்டியலை இறுதி செய்யும் முன் சேர்த்துவிடலாம்.