25 நாள் ரேடியேசனுக்கு அம்மாவோட மகரகமவில தங்க வேணும்: என்ன ஆயத்தம்?

மல்லாவிப்பிள்ளை:
அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். ஒப்பரேசன், கீமோ முடிஞ்சுது. இனி கொழும்புக்குக் கிட்ட மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரியில 25 தரம் ரேடியேசன். எனக்குச் சிங்களம் தெரியாது. அறை எப்படிப் பார்க்கிறது, என்னென்ன கொண்டு போறது?

வன்னித்தாதி:
திங்கள் முதல் வெள்ளி வரைதான் கதிர் அடிப்பினம். கணக்குக்கு 5 கிழமை. போயா (பௌர்ணமி விடுமுறை), வேற லீவு, மெசின் பழுது வந்தால் நீளும். அதால 6 கிழமைக்குக் காசும் அறையும் பாருங்கோ. சனி ஞாயிறுக்கு ஊருக்கு, மாங்குளம் பக்கம் வந்து போறது வேண்டாம். களைப்பு போகப்போகக் கூடும். திங்கள் தவறினால் இன்னும் பிழை, விட்ட இடைவெளியில மிஞ்சின புற்றுநோய்க் கலங்கள் திரும்பப் பெருகும்.

தோலில போடுற மை அடையாளத்தை உரஞ்சிக் கழுவாதேங்கோ. அந்த இடத்தில மஞ்சள், சந்தனம், தேங்காயெண்ணெய், பவுடர் ஒண்டும் வேண்டாம். எங்கட ஆக்கள் நல்லதெண்டு பூசித்தான் பிழையாப் போறது! பருத்திச் சட்டை, தொளதொளவெண்டு. இன்னொண்டு: தோல் எரிச்சல் கடைசி நாளோட நிக்காது. முடிஞ்சு ஒரு கிழமையளவில்தான் உச்சத்துக்கு வரும். அந்த நேரத்தில பஸ்ஸில இடிபட்டு வராமல் ரயிலில சீற் பதிஞ்சு வாங்கோ.

நெடுங்கேணியான்:
அறை கீழ்மாடியில, நடந்து போற தூரத்தில இருக்க வேணும். வாடகை மலிவெண்டு தூரப் போனால் ஓட்டோவுக்கே அது போயிடும். கொழும்புக் கோட்டை ஸ்ரேசனில இறங்கினால் 138 பஸ் மகரகமவுக்குப் போகும். சமைக்க விடுவினமோ எண்டு முற்பணம் குடுக்க முன்னம் கேளுங்கோ. கிளினிக் கொப்பி, டயக்னோசிஸ் காட் (ஆஸ்பத்திரி தாற நோய் விவர அட்டை), பயொப்சி முடிவு எல்லாம் ஒரு பையில, போட்டோக்கொப்பி வேற பையில.

சிங்களத்துக்கு நாலு சொல் போதும்: உண (காய்ச்சல்), ரிதெனவா (நோகுது), வமனய (சத்தி), வதுர (தண்ணி). மருந்துப் பேரை மட்டும் எழுதியே காட்டுங்கோ.

வன்னித்தாதி:
ஒண்டு விட்டிட்டன். டிஜிட்டல் தேமாமீற்றர் ஒண்டு வாங்குங்கோ. கீமோ முடிஞ்சு கன நாள் ஆகேல்லையெண்டால், 38 பாகைக்கு மேல போனால் பனடோல் குடுத்துப் படுக்க வைக்காமல் இரவெண்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்கோ.

மல்லாவிப்பிள்ளை:
நன்றி. அம்மா இப்பவே மாடு, கோழியை நினைச்சு அழுறா.

நெடுங்கேணியான்:
பின்னேரம் 6 மணிக்கு ஒரு ஆளை வீடியோவில வரச் சொல்லி, மாட்டைக் கட்டுறதைக் காட்டச் சொல்லுங்கோ. "எல்லாம் சுகம்" எண்டு வாயால சொன்னால் நம்பமாட்டா.