நியூ ஹேவன் போற வடசென்னைப் பசங்களுக்கு: வீடு தேடறதுக்கு முன்னாடி

அமெரிக்காவுல கனெக்டிகட் மாநிலத்து நியூ ஹேவன்ல இருக்கற யேல் யூனிவர்சிட்டில சீட் கிடைச்சிருக்கு, எந்த ஏரியாவுல வீடு பார்க்கலாம்னு கேட்ட தண்டையார்பேட்டை தம்பிக்கு இது.

முதல்ல பணம். கனெக்டிகட் சட்டப்படி ரெண்டு மாச வாடகைக்கு மேல டெபாசிட் கேட்கக் கூடாது. பத்து மாச அட்வான்ஸ் கொடுத்துப் பழகின நமக்கு நம்பவே முடியாது. ஆனா ஹீட்டிங் வாடகையில சேர்த்தியா, தனியான்னு கையெழுத்துக்கு முன்னாடியே கேட்டுக்கோங்க. குளிர்காலத்துல அந்த பில்தான் ஆளைச் சாய்க்கும்.

ஏரியா. சீனியர்ஸ் ஈஸ்ட் ராக்னு சொல்லுவாங்க. நல்ல இடம்தான், வாடகையும் அதுக்கேத்த மாதிரி. அதே மூச்சுல "டிக்ஸ்வெல் பக்கம் போயிடாதே"ம்பாங்க. இந்தப் பேச்சு நமக்குப் புதுசா என்ன? வேளச்சேரியில ரூம் பார்க்கப் போய், "சொந்த ஏரியா வியாசர்பாடி"ன்னதும் ஓனர் மூஞ்சி மாறுமே! டிக்ஸ்வெல் கறுப்பின மக்கள் தலைமுறை தலைமுறையா வாழற பகுதி, கேம்பஸை ஒட்டியே இருக்கு. ராத்திரி ஜாக்கிரதை எங்கயும் வேணும்தான். அதுக்காக, பகல்ல ஒரு நடை நடந்து பார்க்காம முடிவு பண்ணாதீங்க.

ஊர்க்காரங்களுக்கு யேல் மேல ஏன் கடுப்புன்னும் தெரிஞ்சுக்கோங்க. கல்விக் கட்டடங்களுக்குச் சொத்து வரி கிடையாது. ஊர் நடுவுல அவ்வளவு இடம் வரி கட்டாம இருந்தா, பாரம் மத்த வீட்டுக்காரங்க தலையில. அவங்க அதை வாடகையில ஏத்துவாங்க. அதுக்குப் பதிலா யேல் தானா முன்வந்து நகராட்சிக்கு ஒரு தொகை கொடுக்குது. 2021ல பேசினபடி ஆறு வருஷத்துக்கு சுமார் 13.5 கோடி டாலர். பத்தாதுன்னு சொல்றவங்க ஊருக்குள்ள நிறைய பேர். ஆனா ஊர்ல பெரிய முதலாளியும் யேல்தான். ராயபுரத்துல ஹார்பர் சுவர் ஓரமா வளர்ந்தவங்களுக்கு இதை விளக்கவே வேணாம்: சம்பளமும் உள்ளேர்ந்துதான், கண்டெய்னர் லாரி நெரிசலும் உள்ளேர்ந்துதான்.

இதுல நம்ம ஊர்க் காசும் இருக்கு, தெரியுமா? எலிஹு யேல் 1687லேர்ந்து 1692 வரைக்கும் ஜார்ஜ் கோட்டையில கவர்னர். மெட்ராஸ்ல பணக்காரர் ஆனவர். 1718ல அவர் அனுப்பின சரக்கை வித்த காசு காலேஜ் கட்டடத்துக்கு உதவுச்சு, காலேஜுக்கு அவர் பேரும் வந்துச்சு. சென்னை பாரிஸ் கார்னர்ல ஐகோர்ட் வளாகத்துக்குள்ள ஒரு பழைய கல்லறைத் தூண் நிக்குதே, அங்க புதைச்சிருக்கறது அவர் பிள்ளை டேவிட்டை.

யேல் ஆர்ட் கேலரி எல்லாருக்குமே இலவசம், ஐடி கார்டு வேணாம். பக்கத்து வீட்டுக்காரங்களையும் கூட்டிட்டுப் போங்க. வீடு மட்டும் சீக்கிரம் தேடுங்க. ஆகஸ்ட் கடைசியில கிளாஸ், அதுக்கு ரொம்ப முன்னாடியே நல்ல வீடெல்லாம் போயிடும்.