சி.எம்.எல்: மாத்திரையை நிறுத்திட்டு மறுபடி ஆரம்பிச்சவங்க இருக்கீங்களா?

வணக்கம், செங்கோட்டையில இருந்து எழுதுறேன். அம்மாவுக்கு 58 வயசு, பீடி சுத்துறாங்க. 2015ல சி.எம்.எல் ரத்தப் புற்றுநோய்னு தெரிஞ்சதுல இருந்து தினமும் இமாடினிப் மாத்திரை 400 மில்லிகிராம். நாலஞ்சு வருஷமா பி.சி.ஆர்-ஏ.பி.எல் (ரத்தத்துல இந்த நோய் எவ்வளவு மிச்சம் இருக்குன்னு காட்டுற டெஸ்ட்) அளவு 0.01 சதவீதத்துக்கும் கீழயே நின்னதால, டாக்டர் சொல்லித்தான் போன கார்த்திகையில நிறுத்தினோம். மாசாமாசம் விடியக்காலை பஸ்ல புளியரை, ஆரியங்காவு தாண்டி கேரளாவுக்குப் போய் இந்த டெஸ்ட்டுக்கு ரத்தம் கொடுத்தோம்.

நிறுத்தின மூணாவது வாரம் தோள், மணிக்கட்டெல்லாம் வலி. பீடித்தட்டு மடியில இருக்கும், விரல் மடங்காது. மாத்திரையை விட்டா சிலருக்கு இப்படி வரும்னாங்க, தானா குறைஞ்சுது. ஆனா அஞ்சாவது மாசம் அளவு 0.1 சதவீதத்தைத் தாண்டிடுச்சு, உடனே மறுபடி ஆரம்பிச்சாச்சு. ஏறக்குறைய பாதிப் பேருக்கு இப்படித் திரும்பும், மருந்து எடுத்தா அநேகமா எல்லாருக்கும் அடங்கிடும்னு டாக்டர் விளக்கினார். எனக்குப் புரியுது. அம்மாதான் "நான் என்ன தப்பு பண்ணினேன்"னு கேட்டுக்கிட்டே இருக்காங்க, அதைத்தான் தாங்க முடியல.

இப்ப ஆறு வாரம் ஆகுது. இட்லி சாப்பிட்டு, பெரிய டம்ளர் தண்ணியோடதான் போடுறாங்க. அப்படியும் குமட்டல், காலையில கண்ணைச் சுத்தி வீக்கம், ராத்திரி கெண்டைக்கால் இழுக்குது. உங்களுக்கு இதெல்லாம் எப்ப குறைஞ்சுது? அளவு இறங்க எத்தனை மாசம் ஆச்சு? ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம் போடுறவங்க இருக்கீங்களா? டாக்டர்கிட்ட கேட்காம எதையும் மாத்த மாட்டேன்.

இதைக் கடந்து வந்தவங்க அம்மாகிட்ட போன்ல ரெண்டு நிமிஷம் பேசினா பெரிய உதவி. மலையாளத்துல பேசினாலும் அவங்களுக்குப் புரியும்.