கோர்ட்டே அரசாங்கம் நடத்தலாமா? வழக்கு நடந்த ஊர்க்காரங்க சொல்லுங்க

வேலந்தாவளம்_மாணவன்:

எல்லாருக்கும் வணக்கம். பாலக்காட்டுல சட்டம் மூணாவது வருஷம் படிக்கிறேன். வீட்டுல தமிழ், நண்பர்களோட மலையாளம், பரீட்சை இங்கிலீஷ். அடுத்த மாசம் காலேஜ்ல ஒரு விவாதம். வளரும் நாடுகள்ல அரசியல் சாசன நீதிமன்றங்கள் அரசாங்கத்தோட வேலையைத் தாங்களே கையில எடுக்கலாமா என்பது தலைப்பு. எனக்குக் கொடுத்திருக்கிறது ‘எடுக்கலாம்’ கட்சி.

லைப்ரரியில உட்கார்ந்து குறிப்பு எடுத்தேன். 1979 ஹுசைனாரா காத்தூன், விசாரணைக் கைதிகள். 1984 கொத்தடிமைகள் வழக்கு. 2001 உணவு உரிமை வழக்கு. தென்னாப்பிரிக்காவுல 2002ல எய்ட்ஸ் மருந்து வழக்கு. எல்லாத்துலயும் கோர்ட்தான் ஹீரோ. ஆனா தீர்ப்பு வந்த மறுநாள் அந்த ஊர்ல என்ன நடந்துச்சுன்னு ஒரு புத்தகமும் சொல்ல மாட்டேங்குது. நம்ம எல்லைப் பக்கத்துல இப்படிப்பட்ட வழக்கு நிறைய நடந்திருக்கே, பார்த்தவங்க யாராச்சும் எழுதுவீங்களா?

மலைவண்டி:

இதுல பேச என்ன இருக்கு? ஓட்டு கேட்டு வராத ஆளு நாட்டை ஆளக் கூடாது. நீலகிரிக்கு வர இ-பாஸ் எடுக்கணும்னு 2024ல சொன்னது எங்க எம்எல்ஏவா? ஹைகோர்ட். சீசன் நேரத்துல டூரிஸ்ட் வண்டி ஓட்டுறவன் நான். எம்எல்ஏ மேல கோபம் வந்தா அஞ்சு வருஷத்துல காட்டிடலாம். இவங்க மேல எங்க போய்க் காட்டுறது?

கூடலூர்_டைப்பிங்_அக்கா:

தம்பி, ஊர்க்காரங்களைக் கேட்டீங்க, நான் கூடலூர். கோர்ட்டுக்குப் பக்கத்துல டைப்பிங், ஜெராக்ஸ் கடை. மனு அடிச்சுக் கொடுக்கிறதுதான் பொழப்பு. அப்பா அம்மா சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்துல இலங்கையில இருந்து வந்தவங்க, நான் பொறந்தது தேயிலைத் தோட்ட லயத்துல.

உங்க பாடத்துல எங்க ஊர் ரெண்டு தடவை வரும். ஒண்ணு கோதவர்மன் திருமுல்பாடு வழக்கு. நிலம்பூர் கோவிலகத்துக்காரர் (பழைய அரச குடும்பம்), கூடலூர்ல மரத்தை வெட்டித் தள்ளுறாங்கன்னு 1995ல உச்ச நீதிமன்றம் போனார். இன்னொண்ணு கொயலோ வழக்கு. கோவிலகத்தோட ஜன்ம நிலத்தை, அதாவது பரம்பரை உரிமை நிலத்தை, எடுக்க 1969ல தமிழ்நாடு ஒரு சட்டம் போட்டுச்சு. அதுல ஒரு பகுதி செல்லாதுன்னு 1972ல தீர்ப்பு. 1974ல அரசியல் சாசனத்தைத் திருத்தி அந்தச் சட்டத்தை ஒன்பதாவது அட்டவணைக்குள்ள வெச்சுட்டாங்க. அதுக்குள்ள இருக்கிற சட்டத்தை அடிப்படை உரிமையைச் சொல்லி கோர்ட்ல எதிர்க்க முடியாதுன்னு ஏற்பாடு. அங்க வெச்சாலும் கேட்போம், 1973 ஏப்ரல் 24க்கு அப்புறம் வெச்சதுன்னா அரசியல் சாசனத்தோட அடிப்படைக் கட்டமைப்பை மீறுதான்னு பார்ப்போம்னு 2007 ஜனவரியில ஒன்பது நீதிபதிகள் சொன்னாங்க. அந்தத் தேதி, காசர்கோடு எடநீர் மடத்துச் சாமி கேசவானந்த பாரதி வழக்குல, அந்தக் கட்டமைப்பை நாடாளுமன்றம் மாத்த முடியாதுன்னு தீர்ப்பு வந்த நாள். அந்த வழக்குக்கும் ஆரம்பம் கேரளா நிலச் சட்டம்தான்.

சட்டம் தெளிஞ்சுது. நிலம் தெளியல. ‘செக்‌ஷன் 17 நிலம்’னு எங்க ஊர்ல யார்கிட்ட சொன்னாலும் ஒரு பெருமூச்சு வரும். அந்த 1969 சட்டத்துல குத்தகைத் தோட்டங்களைப் பத்தின பிரிவு அது. பட்டா கிடையாது, பேங்க் லோன் கிடையாது, கரண்டுக்கு எழுதிப் போட்டா தடையில்லாச் சான்று கொண்டுவான்னு வரும். நான் அடிக்கிற மனுவுல பாதி இதுதான். தாயகம் திரும்பினப்ப கொடுத்த குடும்ப அட்டை, ரேஷன் கார்டு, பிள்ளையோட டிசி, எல்லாத்தையும் பிளாஸ்டிக் கவர்ல போட்டு மடியில கட்டிக்கிட்டு வருவாங்க. கொஞ்ச நாள் கழிச்சு பதில் வரும். வழக்கு நிலுவையில இருக்கு, பரிசீலிக்க முடியாது. அதே ஒரு வரி, தேதியும் கையெழுத்தும்தான் மாறும்.

புத்தகத்துல இது இருக்காதுன்னு நினைக்கிறேன். பெரிய கோர்ட் ஒரு விஷயத்தைக் கையில எடுத்துட்டா, கீழ இருக்கிற ஆபீசருக்கும் மேடையில பேசுற அரசியல்வாதிக்கும் அது நிழல் மாதிரி. எது கேட்டாலும் ‘கோர்ட்ல இருக்கும்மா’. பட்டா தர மனசு இல்லாதவனுக்கு இதைவிட வசதியான பதில் கிடையாது.

நான் பார்த்த வரைக்கும் கோர்ட்டுக்கு நிறுத்தத் தெரியும், கொடுக்கத் தெரியாது. கோதவர்மன் வழக்குல வந்த 1996 டிசம்பர் 12 உத்தரவையே எடுத்துக்கங்க. பதிவேட்டுல என்ன எழுதியிருந்தாலும் அகராதிப் பொருள்ல காடா இருந்தா அது காடுதான், மத்திய அரசு அனுமதி இல்லாம அங்க வேற வேலை நடக்கக் கூடாதுன்னுட்டாங்க. வடகிழக்கு மாநிலங்கள்ல இருந்து ரயில்லயும் லாரியிலயும் மரம் போறதே நின்னுச்சு. நிறுத்துறதுக்கு ஒரு கார்டு போதும், ஒரு செயின் கேட் போதும். கொடுக்கணும்னா பட்ஜெட் வேணும், சர்வேயர் வேணும், வீடு வீடா ஏறி இறங்குற ஆள் வேணும். இதெல்லாம் கோர்ட் கையில இல்ல.

உங்க மாநிலத்துலயே பாருங்க. என்டோசல்ஃபான் பூச்சி மருந்தை நாடு முழுக்க உற்பத்தி பண்ணக் கூடாது, விக்கக் கூடாதுன்னு 2011 மே மாசம் உச்ச நீதிமன்றம் சொல்லுச்சு, நின்னுச்சு. காசர்கோட்டுல பாதிக்கப்பட்டவங்களுக்கு ஆளுக்கு 5 லட்சம், மூணு மாசத்துல கொடுன்னு 2017 ஜனவரியில அதே வழக்குல சொன்னாங்க. அஞ்சு வருஷம் கழிச்சு, 2022ல அவமதிப்பு மனு விசாரணைக்கு வந்தப்ப பணம் கைக்குப் போயிருந்தது எட்டே பேருக்கு. அந்த எட்டு பேர் யாருன்னா, திரும்பவும் கோர்ட் படி ஏறினவங்க.

இன்னொண்ணு சொல்லிடுறேன். வன உரிமைச் சட்டத்துல உரிமை கேட்டுப் போட்ட மனு தள்ளுபடி ஆனவங்களைக் காட்டுல இருந்து வெளியேத்தச் சொல்லி 2019 பிப்ரவரி 13ல ஒரு உத்தரவு வந்துச்சு. பணியர், காட்டுநாயக்கர் ஆதிவாசிக் காலனிகள்ல இருந்து ஆளுங்க கடைக்கு வந்து நின்னாங்க. பல பேருக்குத் தன் மனு தள்ளுபடியா இல்லையான்னே தெரியாது, அப்படி ஒரு கடுதாசியே கைக்கு வரல. அந்த வழக்குல இவங்க யாரும் கட்சிக்காரங்க இல்ல. 28ஆம் தேதி அந்த உத்தரவை உச்ச நீதிமன்றமே நிறுத்தி வெச்சுது. நடுவுல இருந்த ரெண்டு வாரம் என் கடையில யாரும் டீ கூடக் குடிக்கல.

அதுக்காக கோர்ட் வேண்டாம்னு நான் சொல்ல மாட்டேன். 1996 உத்தரவு வராம இருந்திருந்தா நாடுகாணி இறக்கத்துல இன்னைக்கு நிழல் இருந்திருக்காது.

மலைவண்டி:

அக்கா சொல்றது சரி. அப்படியே இ-பாஸை எதிர்த்து ஒரு மனு போட எவ்வளவு ஆகும்?

கொழிஞ்சாம்பாறை_விவசாயி:

அக்கா நிறுத்தத் தெரியும்னு சொல்றாங்க. எங்க பிளாச்சிமடை கதையைக் கேட்டுட்டுச் சொல்லுங்க. கோக் கம்பெனிக்கு எதிரா பந்தல் போட்டு உட்கார்ந்தது 2002 ஏப்ரல்ல. கிணத்துத் தண்ணியில சோறு வெந்தா மஞ்சளாயிரும், வாயில வைக்க முடியாது. எங்க சின்னம்மா குடத்தை இடுப்புல வெச்சுக்கிட்டு எவ்வளவு தூரம் நடந்திருக்கும். மறுவருஷம் பெருமாட்டி பஞ்சாயத்து லைசென்ஸைப் புதுப்பிக்க மாட்டோம்னுடுச்சு. 2003 டிசம்பர்ல கேரளா ஹைகோர்ட்ல ஒரு நீதிபதி, நிலத்தடித் தண்ணி மக்களோட சொத்து, இஷ்டத்துக்கு உறிஞ்ச விட முடியாதுன்னு எழுதினாரு. அருமையான தீர்ப்புங்க, உங்க புத்தகத்துல இதுதான் இருக்கும். 2005 ஏப்ரல்ல அதே ஹைகோர்ட்ல ரெண்டு நீதிபதிங்க உட்கார்ந்து, தினம் 5 லட்சம் லிட்டர் எடுத்துக்கலாம்னாங்க. இது புத்தகத்துல இருக்கான்னு பாருங்க தம்பி.

ஆனா கம்பெனி 2004 மார்ச்சுலயே மூடியாச்சு. எடுக்கலாம்னு சொல்லியும் திறக்க முடியலைங்க. ஏன்னா பந்தல்ல ஆளு இருந்துச்சு. மயிலம்மா மாதிரி எழுதப் படிக்கத் தெரியாத ஆதிவாசிப் பொம்பளைங்க உட்கார்ந்திருந்தாங்க. நிறுத்தினது அவங்கதான், கோர்ட்டு அப்பப்ப கூட வந்துச்சு, அப்பப்ப எதிர்ல நின்னுச்சு.

கொடுக்கத் தெரியாதுங்கிறதுலயும் கோர்ட்டை மட்டும் சொல்லிப் பிரயோஜனம் இல்லைங்க. 216 கோடி நஷ்டம்னு உயர்மட்டக் குழு கணக்குப் போட்டு, 2011ல கேரளா சட்டசபையே நஷ்டஈட்டுக்கு மசோதா போட்டுச்சு. நாங்க ஓட்டுப் போட்ட ஆளுங்கதானே? ஜனாதிபதி ஒப்புதல் வரல. சல்லிக்காசு வரல.

பொள்ளாச்சி_வக்கீல்:

அக்காவோட கணக்குல பாதிதான் சரி. கொடுக்கச் சொன்ன உத்தரவும் பலிக்கும், கோர்ட் உத்தரவு போட்டுட்டு எழுந்து போகாம இருந்தா. கொலம்பியாவுல 2004ல உள்நாட்டுச் சண்டையால ஊரை விட்டு ஓடினவங்களுக்காக ஒரு தீர்ப்பு வந்துச்சு. அந்த நீதிமன்றம் அதோட விடல. வருஷக்கணக்கா தொடர் உத்தரவு, பொது விசாரணை, அமைச்சர்களைக் கூப்பிட்டு எவ்வளவு பேருக்கு என்ன செஞ்சேன்னு கேள்வி. இங்க உணவு உரிமை வழக்குலயும் ஆணையர்களைப் போட்டு அறிக்கை வாங்கினாங்க. சமைச்ச மதிய உணவு நாடு முழுக்கப் பரவினதுல அந்த 2001 உத்தரவுக்குப் பங்கு உண்டு. நமக்கு அது பெரிசாத் தெரியாது, எம்ஜிஆர் 1982லயே சத்துணவு கொண்டுவந்துட்டார். ராஜஸ்தான்காரனைக் கேட்டா தெரியும்.

ஒப்பிட்டுப் பார்க்கணும்னா தென்னாப்பிரிக்காவையே எடுங்க. 2000ல கிரூட்பூம் வழக்கு, வீடில்லாதவங்களுக்குத் திட்டம் வேணும்னு தீர்ப்பு. உலகமே கொண்டாடுச்சு. கண்காணிக்க ஏற்பாடு சரியா இல்ல. வழக்குப் போட்ட அம்மா 2008ல செத்துப் போனப்பவும் குடிசைதான். 2002ல மருந்து வழக்கு ஜெயிச்சதுக்குக் காரணம், பின்னாடி ஒரு இயக்கம் ஒவ்வொரு ஆஸ்பத்திரியாப் போய்க் கேட்டுச்சு. கொழிஞ்சாம்பாறை அண்ணன் சொல்ற பந்தல் அங்கயும் இருந்துச்சு.

நிறுத்துறது சுலபம்னு சொன்னீங்களே, அதுக்கும் பில் வரும். பாகிஸ்தான் உச்ச நீதிமன்றம் 2013ல ரெக்கோ டிக் சுரங்க ஒப்பந்தம் செல்லாதுன்னுச்சு. ஊழலைப் பிடிச்சுட்டாங்கன்னு கைதட்டல். 2019ல சர்வதேசத் தீர்ப்பாயம் பாகிஸ்தான் கிட்டத்தட்ட 600 கோடி டாலர் கட்டணும்னு சொல்லிடுச்சு. நீதிபதி பாக்கெட்ல இருந்தா போகும்? அதுக்கு முந்தின வருஷம் அங்க தலைமை நீதிபதி அணை கட்ட நிதி வசூலே ஆரம்பிச்சார். அந்த அளவுக்குப் போனா, மலைவண்டி தம்பி கேட்ட கேள்விக்கு என்கிட்டயும் பதில் இல்ல.

வேலந்தாவளம்_மாணவன்:

ரொம்ப நன்றி. பிளாச்சிமடை எங்க வீட்டுல இருந்து பக்கம்தான், 2005 தீர்ப்பு இப்பதான் கேள்விப்படுறேன். அக்கா, ரெண்டு சந்தேகம். ‘எடுக்கலாம்’ கட்சியில நின்னுக்கிட்டே நீங்க சொன்னதை எப்படிப் பேசுறது? 1996 உத்தரவு தமிழ்ல கிடைக்குமா?

கூடலூர்_டைப்பிங்_அக்கா:

தம்பி, எடுக்கலாம்னே பேசுங்க. ஆனா எடுத்தா கீழே வைக்கக் கூடாதுன்னு சேர்த்துப் பேசுங்க. வக்கீல் சார் சொன்ன கொலம்பியாவை அதுக்குப் பயன்படுத்தலாம். கண்காணிப்பு மட்டும் போதும்னு நினைச்சுடாதீங்க. கோதவர்மன் வழக்குல 2002லயே மத்திய அதிகாரக் குழு போட்டாங்க, வருஷக்கணக்கா ஆயிரக்கணக்குல இடை மனு. அந்தக் குழு முன்னாடி ஒரு பணியர் ஆளு போய் நிக்கணும்னா பஸ் செலவு யாரு கொடுப்பா? கோதவர்மன் 2016லயே காலமாயிட்டார். அவர் பேர்லதான் 2022 ஜூன்ல சரணாலயத்தைச் சுத்தி ஒரு கிலோமீட்டர் சுற்றுச்சூழல் பாதுகாப்பு மண்டலம்னு உத்தரவு வந்துச்சு. வயநாட்டுல ரெண்டு முன்னணியும் தனித்தனியா ஹர்த்தால் நடத்தினாங்க. 2023 ஏப்ரல்ல அதைத் தளர்த்தினாங்க. முன்னாடியே ஒரு கிராம சபையில கேட்டிருந்தா அந்தப் பத்து மாசப் பதட்டம் மிச்சம். இதை விவாதத்துல எதிர்ப் பக்கம் கேட்கும், பதில் தயாரா வெச்சுக்கங்க.

தமிழ்ல நான் பார்த்ததில்ல. 2019ல இருந்துதான் உச்ச நீதிமன்றம் சில தீர்ப்புகளை மாநில மொழிகள்ல போடுது, இது அதுக்கு ரொம்ப முந்தி. தமிழ்நாட்டுத் தோட்டங்களைப் பத்தின பத்திகளை மட்டும் ஒரு வக்கீல் உதவியோட தமிழ்ல அடிச்சு வெச்சிருக்கேன், வர்றவங்களுக்குப் படிச்சுக் காட்ட. மெயில் ஐடியைத் தனிச் செய்தியில போடுங்க, ஸ்கேன் பண்ணி அனுப்புறேன்.

மலைவண்டி தம்பிக்கு: ஹைகோர்ட் மனு நான் அடிக்கிறதில்லப்பா, வக்கீல் வேணும். கலெக்டருக்குன்னா நாளைக்கே வாங்க. ஆர்சி, பர்மிட் ஜெராக்ஸ் ரெண்டு செட் எடுத்துட்டு வாங்க.