15 வயசு பையனோட 3 நைட் க்ரூஸ், போலாமா இல்ல காசுக்கு கேடா?

செங்காங்அம்மா:
எல்லாருக்கும் வணக்கம், இத்தனை நாள் படிச்சிட்டு மட்டும் போயிடுவேன், இப்பதான் எழுதுறேன். ஜூன் ஹாலிடேல சிங்கப்பூர்ல இருந்து கிளம்புற 3 நைட் இல்லன்னா 4 நைட் க்ரூஸ் பாத்துட்டு இருக்கோம். நான், வீட்டுக்காரர், பையன் செக் 3 (செகண்டரி ஸ்கூல் மூணாவது வருஷம்). சின்னதுல கப்பல்னா துள்ளிக் குதிப்பான், இப்ப கேட்டா "நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க, நான் மேகி செஞ்சு சாப்ட்டுக்கறேன்"ங்கிறான். அடுத்த வருஷம் பெரிய பொதுத்தேர்வு, அப்புறம் ட்யூஷன் பின்னாடியே ஓடணும், அதுக்கு முன்னாடி மூணு பேரும் சேர்ந்து ஒரு இடம் போகணும்னு எனக்கு ஆசை. வீட்டுக்காரருக்கு பால்கனி ரூம்தான் வேணுமாம், ஒரே ரூம்ல மூணு பேர் சரிப்படுமா? வைஃபை வாங்கணுமா? பையனை தனியா சுத்த விடலாமா? வீட்டுக்காரர் சுத்த சைவம் வேற. நாங்க பிஆர் (சிங்கப்பூர் நிரந்தரவாசி), இந்திய பாஸ்போர்ட். போனவங்க கொஞ்சம் சொல்லுங்க, பிரோஷர்ல இருக்கறது வேண்டாம், அது நாங்களே படிச்சிட்டோம்.

ஈஷூன்அப்பா:
சிஸ்டர், எனக்கு ரெண்டும் பொண்ணுங்க, டீனேஜ்ல கூட்டிட்டு போனதுதான், அதனால சொல்றேன். பெரியவங்க எந்த ஊருக்கு போகுதுன்னு பாத்து புக் பண்ணுவோம், அந்த வயசு பிள்ளைக்கு ஊரெல்லாம் ரெண்டாம்பட்சம், கப்பல்ல என்ன இருக்குன்னுதான் பாக்கும். ராயல் கரீபியனோட குவாண்டம் வகை கப்பல் சில சீசன்ல இங்க வந்திருக்கே, ஓவேஷன், ஆந்தம் எல்லாம் அந்த வகைதான், அதுல அலை சறுக்குற ஃப்ளோரைடர், காத்துல மிதக்குற ஐஃப்ளை, இடிச்சு விளையாடற பம்பர் கார், அப்புறம் நார்த் ஸ்டார்னு ஒரு கண்ணாடி கூண்டு, கடல் மட்டத்துல இருந்து 300 அடி வரைக்கும் தூக்கிட்டு போவும். இதுல எது ஃப்ரீ எதுக்கு காசுன்னு கப்பலுக்கு கப்பல் மாறும், புக் பண்ணின உடனே ஆப்ல பாத்து நேரத்தையும் பிடிச்சிடுங்க, ஏறினப்புறம் பாத்துக்கலாம்னு விட்டா ஸ்லாட் காலி.

அதைவிட முக்கியம் டீன் கிளப். ராயல்ல 12ல இருந்து 17 வரைக்கும் தனி இடம். முதல் நாள் ராத்திரி அங்க எல்லாரும் கூடுவாங்க, அன்னிக்கு போகலன்னா போச்சு. ஏழு நாள் ட்ரிப்புன்னா லேட்டா போனாலும் ஃப்ரெண்ட் பிடிச்சிடலாம், 3 நைட்ல மறுநாளே அவங்கவங்க ஒரு செட் ஆயிடுவாங்க. நீங்க கூட போய் உள்ள விட்டுட்டு வராதீங்க, மானம் போச்சுன்னு ஆயிடும், நேரம் மட்டும் சொல்லி அனுப்புங்க.

தனியா சுத்த விடறது பத்தி கேட்டீங்க, தாராளமா விடுங்க. கப்பல்ல அவனுக்கு தர்ற கார்டுக்கு செலவு லிமிட் வைக்கலாம், கவுன்டர்ல கேட்டா செஞ்சு குடுப்பாங்க. தண்ணி 18 வயசுக்கு கீழ குடுக்க மாட்டாங்க, கார்டுலயே வயசு தெரிஞ்சிடும். நாங்க போட்டது ஒரே ஒரு கண்டிஷன், ராத்திரி சாப்பாடு எல்லாரும் ஒண்ணா. காலைல எத்தனை மணிக்கு எழுந்திரிச்சாலும் கேட்கறதில்ல.

கேலாங்_கறிதோசை:
எல்லாரும் கப்பல் கப்பல்னு ஏத்தி விடறீங்க, நான் கொஞ்சம் பர்ஸ் பக்கமும் பேசறேன். விளம்பரத்துல போடற ரேட் ஒரு ரூம்ல ரெண்டு பேர் கணக்கு, ஒரு ஆளுக்கு. மூணாவது ஆளுக்கு ரேட் கம்மிதான், ஆனா போர்ட் டாக்ஸும் டிப்ஸும் தலைக்கு தலை வரும், பையன்னு தள்ளுபடி எல்லாம் கிடையாது. பெரிய கம்பெனிங்கள்ல டிப்ஸே ஒரு நாளைக்கு ஒரு ஆளுக்கு 18 யூஎஸ் டாலருக்கு மேல போவுது, மூணு பேர் மூணு நைட் நீங்களே பெருக்கிக்கோங்க. பபுள் டீ, ஃபோட்டோ, கேம் ஆர்கேட் எல்லாம் தனி.

வைஃபை ஒரு டிவைஸுக்கு மட்டும் வாங்கி மாத்தி மாத்தி யூஸ் பண்ணுங்க, போதும். ஆனா ஒண்ணு, வாங்கினாலும் வாங்காட்டியும் போனை ஏரோப்ளேன் மோட்ல போட்டுத்தான் ஆகணும். கரை தாண்டினதும் கப்பலோட சொந்த மொபைல் சிக்னல் வரும், நம்ம ரோமிங் பேக்ல அது சேராது, தெரியாம ஒரு வீடியோ ஓடினாலே பில்லு க்ரூஸ் டிக்கெட்டை தொடும். பையன் போனை கிளம்பறதுக்கு முன்னாடியே வாங்கி செட் பண்ணுங்க, அவனா பண்ணுவான்னு நம்பாதீங்க.

செங்காங்அம்மா:
ஐயோ இந்த சிக்னல் விஷயம் யாருமே சொல்லலயே, நன்றி. ஆனா ஏரோப்ளேன் மோட்ல போட்டா அவன் எங்க இருக்கான்னு நான் எப்படி கேக்கறது?

ஈஷூன்அப்பா:
கப்பல் ஆப்லயே சாட் இருக்கும் சிஸ்டர், கப்பலோட வைஃபைல கனெக்ட் ஆனா போதும், இன்டர்நெட் பேக்கேஜ் இல்லாமயே நிறைய கப்பல்ல ஓடும். சிலதுல அதுக்கும் சின்னதா சார்ஜ் இருக்கு, பாத்துக்கோங்க.

டெக்12பையன்:
ஹாய் ஆன்ட்டி, நான் என்எஸ் (கட்டாய ராணுவ சேவை) போறதுக்கு வெயிட் பண்ணிட்டு இருக்கேன், நான்தான் உங்க பையன் மாதிரி "வரல"ன்னு சொல்லி இழுத்துட்டு போகப்பட்ட கேஸ். உங்க பையன் சொல்ல மாட்டான், அதனால நான் சொல்லிடறேன். மேல கூரையில இருந்து இறங்குற பெட்டோ சோஃபா பெட்டோ தருவாங்க, அதுல தூங்கறது பிரச்சனையே இல்ல, அப்பா கொறட்டையும், காலைல ஆறு மணிக்கு அம்மா "சன்ரைஸ் பாரு"ன்னு பால்கனி கர்ட்டனை திறக்கறதும்தான் பிரச்சனை. ஜன்னலே இல்லாத இன்சைட் ரூம்னா கும்மிருட்டு, பதினோரு மணி வரைக்கும் தூங்கலாம், சொர்க்கம். முடிஞ்சா அவனை கர்ட்டன் மறைவு இருக்கற பக்கம் போடுங்க.

மேட்சிங் டீஷர்ட் வேண்டாம். ஃபோட்டோவை முதல் நாளே எடுத்து முடிச்சிடுங்க. அப்புறம் அவன்கிட்ட "என்ஜாய் பண்றியா"ன்னு மணிக்கொரு தரம் கேட்காதீங்க, பண்ணினாலும் இல்லம்பான். எனக்கு உண்மையிலயே பிடிச்சது ராத்திரி பன்னெண்டு மணிக்கு பீட்சா எடுத்துட்டு மேல் டெக்ல போய் நின்னது. சுத்தி எண்ணெய் கப்பலா நிக்கும், லைட் போட்டுக்கிட்டு வரிசையா. அப்பா தூக்கம் வராம அங்க வந்தாரு, ரொம்ப நேரம் பேசினோம், படிப்பை பத்தி ஒரு வார்த்தை இல்ல.

பால்கனி பிரியை:
தம்பி சொல்றது சரி, ஆனா பால்கனியை விட்டுக் குடுக்காதீங்க, கணவனும் மனைவியும் உக்கார ஒரு இடம் வேணும்ல. பால்கனி ஒண்ணு, எதிர்ல இன்சைட் ஒண்ணுன்னு எடுக்கறவங்களும் இருக்காங்க. 15 வயசு பேர்ல மட்டும் தனி ரூம் சாதாரணமா குடுக்க மாட்டாங்க, பெத்தவங்க பக்கத்து ரூம்லயே இருந்தா சில கம்பெனி ஒத்துக்கும், ஏஜென்ட்கிட்ட எழுத்துல கேட்டு வாங்குங்க. மலாக்கா ஜலசந்தி பக்கம் சுமத்ரா மறைச்சுக்கறதால பெரும்பாலும் அலை கம்மி, வாந்தி பயம் அவ்வளவா வேண்டாம்.

சைவத்துக்கு கவலையே வேண்டாம், சிங்கப்பூர்ல இருந்து போற கப்பல்ல நம்ம ஆளுங்க கூட்டம்தான் எப்பவும். புக் பண்றப்பவே சொல்லிட்டு, முதல் ராத்திரி டைனிங் ஹால்ல ஹெட் வெய்ட்டர்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா மறுநாளுக்கு தனியா செஞ்சு வைப்பாங்க. பஃபேல எது சைவம்னு மட்டும் கேட்டு கேட்டு எடுங்க, சூப் நம்பவே கூடாது.

பேப்பர் விஷயம்: பிஆர்னா ரீ என்ட்ரி பர்மிட் (திரும்பி உள்ள வர்ற அனுமதி) தேதி பாருங்க, கப்பல்ல போனாலும் அது நாட்டை விட்டு போறதுதான். பாஸ்போர்ட் ஆறு மாசம் இருக்கணும். பையனுக்கு எக்ஸிட் பர்மிட்னு (என்எஸ் போக வேண்டிய பசங்க வெளிநாடு போக வாங்கற அனுமதி) பயப்பட வேண்டாம், அது 3 மாசம் அதுக்கு மேல போனாதான். மலேசியாவுக்கு இந்திய பாஸ்போர்ட்டுக்கு 2023 டிசம்பர்ல இருந்து விசா இல்லாம விடறாங்க, ஆனா காசு கட்டறதுக்கு முன்னாடி அன்னிக்கு ரூல் என்னன்னு ஒரு தடவை செக் பண்ணிடுங்க. திரும்பி வர்றப்ப எஸ்ஜி அரைவல் கார்டு (ஆன்லைன்ல நிரப்பற சிங்கப்பூர் வருகை படிவம்) போடணும், அது எல்லாரும் மறக்கறது.

செங்காங்அம்மா:
எல்லாத்தையும் வீட்டுக்காரருக்கு படிச்சு காட்டினேன், கொறட்டை மேட்டர்ல மட்டும் ஒண்ணும் பேசல 😄 பையன்கிட்ட ஃப்ளோரைடர் வீடியோ காட்டினேன், "ம்"னான். அவன் பாஷைல அது பெரிய விஷயம். இப்ப ரூட்ல குழப்பம், பினாங்கா, போர்ட் கிளாங்கா, இல்ல 4 நைட்ல புக்கெட்டும் சேர்த்தா?

கேலாங்_கறிதோசை:
பினாங்கு, யோசிக்கவே வேண்டாம். போர்ட் கிளாங்ல இறங்கி கேஎல் (கோலாலம்பூர்) போகணும்னா பஸ்ல போறதுக்கும் வர்றதுக்குமே பாதி நாள் போயிடும். புக்கெட்ல பெரிய கப்பல் பாத்தோங் பக்கம் நடுக்கடல்ல நங்கூரம் போட்டு சின்ன படகுல ஏத்தி கரைக்கு விடுவாங்க, டோக்கன் வாங்கி வரிசைல நிக்கணும், உங்க பையன் அந்த வரிசைலயே "வரலன்னு சொன்னேன்ல"ம்பான். பினாங்குல ஸ்வெட்டன்ஹாம் பியர், ஜார்ஜ் டவுனுக்குள்ளயே கப்பல் நிக்கும். வெளிய வந்து நடந்தா லிட்டில் இந்தியா, குயின் ஸ்ட்ரீட்ல 1833ல கட்டின மாரியம்மன் கோவில், அந்தப் பக்கம் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல், எல்லாம் நடந்து போற தூரம்தான். பையனுக்கு ஆர்மீனியன் ஸ்ட்ரீட் சுவர் ஓவியம், நாசி கண்டார் (சோறும் குழம்பும்) ஒரு தட்டு, அப்பாவுக்கு வாழையிலை சாப்பாடு. பினாங்கு ஹில் ட்ரெய்ன் மட்டும் வேண்டாம், லீவு நாள்ல அங்க க்யூ பெருசு, கப்பல் உங்களுக்காக நிக்காது.

ஈஷூன்அப்பா:
கிளம்பற இடம் மெரினா பே க்ரூஸ் சென்டரான்னு டிக்கெட்ல பாருங்க, இன்னொரு க்ரூஸ் டெர்மினல் இருக்கற ஹார்பர்ஃபிரன்ட் போய் நிக்கறவங்க இன்னும் இருக்காங்க. மெரினா சவுத் பியர் எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) ஸ்டேஷன்ல இறங்கினா நடந்தே போலாம், டாக்சி வேண்டாம். அப்புறம் ஏறினதும் மஸ்டர்னு ஒண்ணு வரும், உங்க லைஃப் ஜாக்கெட் எங்க, எந்த இடத்துல கூடணும்னு. பசங்க இதை "ஸ்கிப்"னு நழுவ பாப்பாங்க, விடாதீங்க. 2012ல இத்தாலி பக்கம் கோஸ்டா கான்கார்டியா சாஞ்சப்ப அன்னிக்கு ஏறின நூத்துக்கணக்கான பேருக்கு இந்த ட்ரில்லே நடக்கல, 24 மணி நேரத்துக்குள்ள நடத்தினா போதும்னு அப்ப ரூல். 32 பேர் செத்துப் போனாங்க. இப்ப கிளம்பறதுக்கு முன்னாடியோ கிளம்பின உடனேயோ முடிச்சே ஆகணும்.

டெக்12பையன்:
மஸ்டர் முடிச்சாதான் ஃப்ளோரைடர்னு சொல்லுங்க ஆன்ட்டி, ஓடி வருவான். நீச்சல் ட்ரெஸ்ஸை கைப்பைல வைங்க, பெரிய பெட்டி ரூமுக்கு வர சாயங்காலம் ஆயிடும்.