ஆத்துல மணல் திட்டு எப்படிங்க இடம் மாறுது?

புதுநண்டு:
போன கோடையில ஆத்து வளைவுல உள்பக்கமா பெரிய மணல் திட்டு இருந்துச்சு, மணிக்கணக்கா உக்காந்து அரட்டை அடிச்ச இடம், இப்ப போனா கீழ்ப்பக்கமா தள்ளிப்போய் வேற ஷேப்ல கெடக்கு, எதிர்க்கரை என்னடான்னா மரத்து வேரெல்லாம் வெளிய தொங்குது. யாரும் மணல் அள்ளின மாதிரி தெரியல. கடல்லயும் இப்படி நகருமா?

கரையோரன்:
எல்லாம் வெள்ளத்தோட வேலை பாஸ். வளைவுல வெளிக்கரையில தண்ணி வேகமா மோதி அரிக்கும், அடித்தண்ணி உள்பக்கமா மணலை உருட்டிட்டு வந்து வேகம் செத்த இடத்துல போட்டுட்டுப் போயிடும். கனமானது முதல்ல விழும். நம்பலன்னா திட்டோட மேல்முனையில ஒரு கை, வால்பக்கம் ஒரு கை அள்ளிப் பாருங்க, மேல பெரும்பாலும் சொரசொரன்னு இருக்கும், வால்ல நைசா இருக்கும்.

அலைவாசி:
கடல்ல இன்னும் மோசம். இங்கிலாந்து கென்ட் கரைக்கு எதிர்ல குட்வின் சேண்ட்ஸ்னு சுமார் 16 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு திட்டு, நீர் வத்துனா மேல கிரிக்கெட்டே ஆடியிருக்காங்க, ஏத்தம் வந்தா அதே மணல் தண்ணி ஊறி கொழகொழன்னு ஆயிடும். 1703 புயல்ல போர்க்கப்பல்களே அங்க மாட்டி ஆயிரம் பேருக்கு மேல போயிட்டாங்க. முகத்துவாரத்துல கேக்கவே வேணாம், ஆறு வேகம் செத்து மணலைக் கொட்டும், அலை அதைத் திருப்பித் தள்ளும், நேத்து படகு போன வழி இன்னிக்கு இருக்காது. கரைக்கு வர்றதுக்கு முன்னாடியே நடுவுல அலை வெள்ளையா உடைஞ்சா அங்க ஆழம் இல்லன்னு அர்த்தம்.

புதுநண்டு:
அப்ப ஆத்துத் திட்டுல நடக்கலாமா கூடாதா?

கரையோரன்:
நடக்கலாம், ஓரத்துக்கு மட்டும் போகாதீங்க. மேல்பக்கம் சரிவா இருக்கும், மணல் உருண்டு வந்து விழற கீழ்ப்பக்கம் படி மாதிரி செங்குத்தா இருக்கும். ஒருதடவை முழங்கால் தண்ணில நடந்துட்டே இருந்தேன், அடுத்த காலை வச்சேன், கழுத்து வரைக்கும் போயிட்டேன், செருப்பு அதோட போச்சு.

மணல்வீடு:
திட்டு மேல பைக் ஓட்றவங்களுக்கும் சேர்த்துச் சொல்றேன், ஆத்து ஆலான்னு ஒரு பறவை, வெறும் மணல்லதான் முட்டை வைக்கும், கூடுன்னு ஒண்ணும் இருக்காது, சின்னக் குழிதான், முட்டையும் மணல் கலர், கிட்ட போனாலும் தெரியாது. தலைக்கு மேல பறவை கத்திக்கிட்டே சுத்துச்சுன்னா வந்த கால்தடத்துலயே திரும்பிடுங்க.